பதினாலு கிலோமீற்றர்

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்
வவுணதீவுப் பக்கம் ஒரு மதகின் மேல்
நடுங்கிக்கொண்டு நின்றாள்.
தூக்கினபோது ஒரு சாரத்தின் பாரம்தான்.
ஈரச் சாரம்.

மிருக வைத்தியர் ஏழு தையல் போட்டார்.
"பெட்டை. ஒரு வயசிருக்கும்.
கால் தேறினா பிடிக்க ஏலாது, பாருங்க."

கால் தேறியது.

கல்லடியில் என் வாடகை அறை
நீளம் பத்தடி, அகலம் எட்டு.
இரண்டு பாய்ச்சலில் அதை முடித்துவிட்டு
இனி என்ன என்று என்னைப் பார்ப்பாள்.
ஒரு சோடிச் செருப்பு,
கச்சேரியிலிருந்து கொண்டுவந்த கோப்பு,
வீட்டுக்காரரின் கறிவேப்பிலைக் கன்று.
மாதக் கடைசி வரை தவணை தந்தார்.

பின்னேரங்களில் கேற் கேற்றாக நின்றேன்.
கடுவனா என்றார்கள்.
இல்லை என்றதும் கேற் பாதி மூடும்.
கடிக்குமா, குரைக்குமா,
என்ன சாதி என்றார் ஒருவர்.
வெள்ளம் கொண்டுவந்த சாதி என்றேன்.

அரசடியில் ஓய்வுபெற்ற அதிபர் ஞானச்செல்வம் எடுத்தார்.
ஆறடி மதில், மாபிள் பதித்த முற்றம்,
பெயரும் வைத்தார்: ராணி.
நாலாம் நாள் தொலைபேசி அடித்தது.
"தங்கச்சி, ராணி மதிலுக்கு மேலால நடக்கிறா."

பிறகு பாசிக்குடாவில் ஒரு விருந்தினர் விடுதி.
மனேஜர் பார்தலோமியூஸ் நல்ல மனிசன்,
மீன்தலை அவித்துப் போடுவார்.
பகலில் வெள்ளைக்காரர் பயப்படுவார்கள் என்று
மூன்று மீற்றர் சங்கிலி.
இரண்டு கிழமை கழித்துப் போனேன்.
தென்னையைச் சுற்றி
கவராயத்தால் கீறினதுபோல் ஒரு வட்டம்,
அதற்குள் ஒரு புல்லில்லை.
என்னைக் கண்டும் அவள் துள்ளவில்லை.
அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள்.
ஆட்டோவுக்குக் கொடுத்த காசைச் சொல்லமாட்டேன்.

நானே வைத்திருப்பேன் என்று நினைத்ததும் உண்டு.
விடிய ஒரு தரம், பொழுதுபட ஒரு தரம்
கடற்கரைக்குக் கூட்டிப்போகலாம்.
இடையில் எட்டரை மணித்தியாலம் பூட்டிய கதவு.
கணக்குப் பார்த்தேன்.
அதுவும் ஒரு வட்டம்தான்,
நடுவில் குத்தின முள் நான்.

உறுதிப் பிரதி எடுக்கக் கச்சேரிக்கு வந்தவள் சுபோதினி.
படுவான்கரையில் பட்டி பட்டியாகப் போய்
சைக்கிளில் பால் சேர்க்கிறவள்.
என் கைபேசியில் படத்தைப் பார்த்தாள்.
கடுவனா என்று கேட்கவில்லை.
"எவ்வளவு தூரம் ஓடும் கா இது?"

ஒருத்தரும் கேட்காத கேள்வி.
எனக்கும் விடை தெரியாது.
முடியும் வரை அவளை ஒருநாளும் ஓட விட்டதில்லை.

"நாலரைக்கு வெளிக்கிடுவன்.
போக வரப் பதினாலு கிலோமீற்றர்.
யானைப் பயமும் இருக்கு.
வாசல்ல படுத்துக் கிடக்கிறது எனக்கு வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை குருமண்வெளியில் பாதை ஏறினோம்.
எங்கள் ஊரில் அதற்குப் பாதை என்றுதான் பெயர்,
வாவியில் மிதக்கிற இரும்புத் தட்டம்.
அவள் நகங்கள் அதில் தாளம் தப்பித் தட்டின.
மூக்கை மேற்கே நீட்டிக்கொண்டே வந்தாள்.

மண்டூர்க் கரையில் சைக்கிள்,
இரண்டு அலுமினியக் கான்.
சுபோதினி குனிந்து கயிற்றை அவிழ்த்தாள்.
"ஓடிருவாள்" என்றேன்.
"ஓடட்டும். அதுக்குத்தானே."

ஓடினாள்.
வயல்வரம்பில் ஒரு செம்புள்ளியாகும் வரை ஓடினாள்.
கொக்குகள் எழும்பி, இருந்து, மறுபடி எழும்பின.
நான் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன்.
எந்தப் பெயரை?
சுபோதினி மணியை ஒருமுறை அடித்தாள்.
புள்ளி நின்றது. திரும்பிப் பார்த்தது
என்னையல்ல, சைக்கிளை.

திரும்புகிற பாதையில்
ஓட்டி கையைப் பார்த்துக் கேட்டான்,
"ஒரு ஆள்தானா?"
ஒரு ஆள், ஒரு கயிறு.

புதுச் செருப்பு இன்னும் வாங்கவில்லை.
இடது வாரில் பல்லுத் தடம்.
அதோடேயே கச்சேரிக்குப் போய் வருகிறேன்.